‘வேணும்’ முதல் ‘விசுவாசம்’ வரை: முத்துக்குளித்துறையில் உரத்த செபமும் நம்பிக்கை அறிக்கையும் (1542–1580)

ஆய்வுச் சுருக்கம்

பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே கிறித்தவ வாழ்வு வேரூன்றியதில் வாய்விட்டுச் சொல்லும் கூட்டுச் செபம் முதன்மையான இடம் பெற்றது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 முதல் 1545 வரை எழுதிய கடிதங்கள், 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் செபநூல், என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் அச்சுநூல்கள் ஆகியவற்றைக் கொண்டு அச்செபமுறையின் அமைப்பையும் பரவலையும் இக்கட்டுரை ஆராய்கிறது. நம்பிக்கை அறிக்கையில் ‘வேணும்’ என்றிருந்த சொல்லை நீக்கி ‘விசுவாசம்’ என்று சொல்லுமாறு சவேரியார் செய்த திருத்தம் தனியாக ஆராயப்படுகிறது. உரத்த செபம் மனப்பாடப் பயிற்சியாகத் தொடங்கினும், சொல்லும் சொல்லுக்கும் உள்ளத்து நம்பிக்கைக்கும் உள்ள உறவு பற்றிய கேள்வியை அதுவே எழுப்பியது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, பரதவர், சவேரியார், உரத்த செபம், விசுவாசம், மந்திரம், தம்பிரான் வணக்கம்

முன்னுரை

கிறித்தவ மரபில் வாயால் அறிக்கையிடுதலும் உள்ளத்தால் நம்புதலும் இணைத்தே பேசப்படுகின்றன. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பத்தாம் அதிகாரத்தில் பவுல் இவ்விரண்டையும் மீட்போடு தொடர்புபடுத்துகிறார். நம்பிக்கை கேள்வியால் உண்டாவது என்ற கருத்தும் அதே அதிகாரத்தில் இடம்பெறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், செபம் வாய்மொழியாக அமைய வேண்டுமா என்ற வினாவைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். தனியொருவர் செபிக்கும்போது ஒலி கட்டாயமன்று. மக்கள் அனைவரின் பெயரால் சொல்லப்படும் பொதுச் செபம் அவர்கள் அறியும்வண்ணம் ஒலிக்க வேண்டும் என்பது அவர் முடிபு.

அக்குவினாஸ் கருதிய பொதுச் செபத்தை முன்னின்று சொல்பவர் திருப்பணியாளர். எழுத்து பரவலாகாத, குருக்கள் மிகச் சிலரே இருந்த, நம்பிக்கையின் மொழியும் மக்களின் மொழியும் வேறாயிருந்த ஒரு கடற்கரையில் இப்பொதுச் செபம் எவ்வாறு அமைந்தது? அதைச் சொன்னவர் எதை நம்பிச் சொன்னார்? இவ்வினாக்களுக்கு விடை காணச் சான்றுகள் ஓரளவு கிடைக்கும் களம் முத்துக்குளித்துறை.

இச்சான்றுகளின் வரம்பையும் தொடக்கத்திலேயே சுட்டுதல் வேண்டும். சவேரியாரின் கடிதங்கள் ஐரோப்பாவிலுள்ள சபையினர் படிப்பதற்காகவும், புதிய பணியாளர்களை ஈர்ப்பதற்காகவும் எழுதப்பட்டவை. பரதவரின் சொற்கள் அவற்றில் அவர் வழியாகவே கேட்கின்றன. எனவே கடிதங்கள் பெருமையுடன் கூறும் வெற்றிகளைவிட, அவை போகிற போக்கில் வெளிப்படுத்தும் இடர்ப்பாடுகளும் திருத்தங்களும் ஆய்வுக்கு மிகுதியும் பயன்படுகின்றன.

1. திருமுழுக்கு இருந்தது, சொல் இல்லை

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவர் பெருந்தொகையாகக் கிறித்தவம் தழுவினர். இவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000 என்று பொதுவாகக் குறிக்கப்படுகிறது. முத்துக்குளிப்பு உரிமை தொடர்பான பூசல்களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைப் பெறும் தேவை இம்மாற்றத்தின் பின்னணியில் இருந்தது. திருமுழுக்குக்குப் பின் இவர்களுக்கு மறைக்கல்வி அளிக்கத் தமிழறிந்த குருக்கள் இல்லை.

1542 அக்டோபரில் சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தபோது, கோவாவில் கல்வி பெற்ற, தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த இந்நாட்டினர் மூவர் அவருடன் வந்தனர். முன்பு நம்பியதைவிட இப்போது மேலாக நம்புவது என்ன என்று மக்களிடம் கேட்டதையும், தாங்கள் கிறித்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களால் விடை கூற இயலாததையும் அவர் பின்னர் எழுதினார். போர்த்துக்கீசிய மொழி தெரியாமையால் எவற்றை நம்ப வேண்டும் என்பதை அவர்கள் அறியவில்லை என்பதே அவர் கண்ட காரணம்.

இவ்விடையை அறியாமையின் அடையாளமாக மட்டும் கொள்வது பொருந்தாது. ‘நாங்கள் கிறித்தவர்கள்’ என்பது ஒரு குலம் தன் சார்பை அறிவிக்கும் சொல். அச்சார்பின் பொருட்டு அவர்கள் இடரையும் ஏற்றிருந்தனர். ஆயினும் சவேரியார் எதிர்பார்த்தது வேறு: ‘நாங்கள்’ என்ற குலத்தின் சொல்லோடு, ஒவ்வொருவரும் ‘நான்’ என்று சொல்லத்தக்க அறிக்கையும் வேண்டும் என்பதே அது. அதற்குத் தேவையான தமிழ்ச் சொற்கள் அப்போது இல்லை.

2. மணியோசையும் மறுமொழியும்

1544 சனவரி 15-ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் தம் செபமுறையை விரிவாக விளக்குகிறார். இரு மொழியும் அறிந்தோரைக் கூட்டிப் பல நாள் உழைப்பில் சிலுவை அடையாளம், நம்பிக்கை அறிக்கை, பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மரியன்னைக்கான செபங்கள், பொதுப் பாவ அறிக்கை ஆகியன தமிழாக்கப்பட்டன. அவற்றைச் சவேரியார் மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியேந்தித் தெருக்களில் நடந்து சிறுவரையும் பெரியோரையும் திரட்டினார். நாளுக்கு இருமுறை கற்பித்தார். அவர் முன்பே உருவாக்கியிருந்த சிறு மறைக்கல்வி நூல் ஜுவான் தே பாரோஸ் 1539-இல் வெளியிட்ட செபநூலைத் தழுவியது. அந்நூலின் உள்ளடக்கம் முத்துக்குளித்துறையில் முற்றிலும் ஒலிவடிவில் இயங்கியது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் அமைப்பு கருதத்தக்கது. ஆண், பெண், முதியோர், சிறுவர் அனைவரும் கூடுவர். சவேரியார் ஒவ்வொரு செபப் பகுதியையும் உரக்கச் சொல்ல, மக்கள் அதைத் திருப்பிச் சொல்வர். நம்பிக்கை அறிக்கையின் பன்னிரண்டு பகுதிகளுள் ஒவ்வொன்றுக்குப் பின்னும் அதை உறுதியாக நம்புகிறார்களா என்று அவர் வினவுவார். மக்கள் கைகளை மார்பின்மேல் சிலுவை வடிவில் வைத்து, நம்புவதாக ஒரே குரலில் விடையளிப்பர். ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு கட்டளையையும் அடுத்து, அதை நம்பவும் கடைப்பிடிக்கவும் அருள் வேண்டும் சிறு மன்றாட்டு இடம்பெறும். பிற செபங்களைவிட நம்பிக்கை அறிக்கையையே மிகுதியாகச் சொல்ல வைத்ததாக அவர் குறிப்பிடுகிறார்.

இவ்வமைப்பில் மூன்று நிலைகள் உள்ளன: திருப்பிச் சொல்லுதல், வினாவுக்கு விடையளித்தல், வேண்டுதல். முதலாவது நினைவுப் பயிற்சி. இரண்டாவது, சொன்னதைத் தனதாக ஏற்றல். மூன்றாவது, ஏற்றதில் நிலைத்திருக்கும் ஆற்றல் தன்னிடம் போதாது என்று ஒப்புக்கொண்டு அருள் கேட்டல். நம்புவதாக அறிக்கையிட்ட அதே வாய், அடுத்த நொடியில் நம்பிக்கைக்காக மன்றாடுகிறது. ஆகவே இக்கூட்டுச் செபத்தை வெறும் கிளிப்பிள்ளைப் பாடமாக மதிப்பிடுவது அதன் அமைப்பை முழுமையாகக் கருத்தில் கொள்ளாததாகும்.

ஆசிரியர் முன்மொழிய மாணாக்கர் ஒரே குரலில் பின்மொழியும் முறை தமிழகத் திண்ணைப் பள்ளிகளின் கற்பித்தலோடும் ஒப்பிடத்தக்கது. பாடத்தைக் காதால் கேட்டு வாயால் நிலைநிறுத்தும் பண்பாட்டில் இச்செபமுறை அயலாகத் தோன்றியிராது.

3. சிறுவரின் குரல்

1542 அக்டோபர் 28-ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்திலேயே சிறுவர்களின் ஆர்வம் பேசப்படுகிறது. செபம் கற்பிக்கும்வரை தம்மை உண்ணவோ உறங்கவோ தம் கடமைச் செபத்தைச் சொல்லவோ அவர்கள் விடவில்லை என்கிறார் சவேரியார். 1544-ஆம் ஆண்டுக் கடிதத்தில் அச்சிறுவர்களே கற்பிப்போராகின்றனர். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அயலாருக்கும் சொல்லித் தருகின்றனர்.

நோயாளிகளின் வீடுகளுக்கு அழைப்பு மிகுந்தபோது சவேரியாரால் எல்லா இடங்களுக்கும் செல்ல இயலவில்லை. செபம் அறிந்த சிறுவர்களை அவர் அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, நம்பிக்கை அறிக்கையைப் பலமுறை உரக்கச் சொல்லி, நம்பினால் நலம் பெறுவார் என்று நோயாளியை ஊக்கினர். பலர் நலமடைந்ததாகக் கடிதம் கூறுகிறது. அந்நலம் சிறுவர்களின் சொல்லால் மட்டும் வந்ததாக அவர் எழுதவில்லை. வீட்டாரின், அயலாரின், நோயாளியின் நம்பிக்கையைச் சேர்த்தே குறிப்பிடுகிறார். நலமடைதலின் உண்மையை வரலாற்றாய்வு முடிவுசெய்ய இயலாது. ஆயினும் செபத்தின் இடமாற்றம் தெளிவாகிறது. கோயில் முற்றத்தில் குருவின் முன்மொழிதலைச் சார்ந்திருந்த சொற்கள், படுக்கையருகே குரு இன்றியே ஒலித்தன. மறைபரப்பாளர் அயலவராக இருக்க, செபம் அவ்வூர்ப் பிள்ளைகளின் குரலில் வீடுகளுக்குள் நுழைந்தது.

இதன் மறுபக்கமும் அதே கடிதத்தில் உள்ளது. சிறுவர்கள் தம் பெற்றோரின் பழைய வழிபாட்டைச் சவேரியாரிடம் அறிவித்தனர். வீட்டுத் தெய்வ உருவங்களை உடைப்பதில் பங்கேற்றனர். பிள்ளைகளுக்குக் கிடைத்த குரல் வீட்டின் மூப்புமுறையைக் குலைக்கும் ஆற்றலாகவும் செயற்பட்டது. நோயுற்ற தந்தையின் அருகே நின்று செபித்த குரலும், அவர் வணங்கிய தெய்வத்தைக் காட்டிக்கொடுத்த குரலும் ஒன்றே. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துரைக்கும் வரலாறு நிறைவுடையதாகாது.

4. ஒரு சொல்லின் திருத்தம்

1544-ஆம் ஆண்டு முழுவதும் சவேரியார் தம் உடன் பணியாளர் பிரான்சிஸ்கு மன்சிலாசுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். அவை இடர்மிக்க காலத்தில் எழுதப்பட்டவை. அவ்வாண்டு சூன் மாதம் வடுகப் படையினரின் தாக்குதலால் குமரிமுனைப் பகுதிக் கிறித்தவர்கள் சிதறியோடினர். அவர்களுக்கு உணவு கொண்டு செல்ல மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் புறப்பட்ட சவேரியாரை எதிர்க்காற்று தடுத்தது. அகதிகள், உணவு, அதிகாரிகளின் கொடுமை ஆகியவை நிரம்பிய இம்மடல்களுள் ஒன்றில்தான் தமிழ்ச் செபத்தின் ஒரு சொல் பற்றிய அறிவுரையும் இடம்பெறுகிறது.

நம்பிக்கை அறிக்கையில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லப்பட்டு வந்தது. ‘வேணும்’ என்பதற்கு விரும்புகிறேன் என்பதே பொருள். எனவே அதற்கு மாற்றாக விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்துக என்பது அவர் அறிவுரை. உரோமன் எழுத்தில் அவர் சிதைத்து எழுதியுள்ள அச்சொல் ‘விசுவாசம்’ என்பதன் வடிவமாகக் கொள்ளப்படுகிறது. இதனுடன், கிறிஸ்து பாடுபட்டதைக் கூறும் இடத்தில் ‘கட்டாயத்தினால்’ என்று பொருள்படும் சொல்லையும் விலக்குமாறு அவர் எழுதினார். கிறிஸ்து தம் விருப்பத்தால் பாடுபட்டார் என்பது அதற்குக் காரணம்.

அதுவரை ஏறத்தாழ ஓராண்டுக்கு மேலாக மக்கள் கைகளை மார்பில் வைத்து உரக்கச் சொன்னது ‘கடவுள் எனக்கு வேணும்’ என்ற பொருளிலேயே ஆகும். மறைபரப்பு வரலாற்றில் இது பெரும்பாலும் மொழியறியாமையின் வேடிக்கைச் சான்றாகக் குறிக்கப்படுகிறது. தமிழின் சொற்பொருள் வரலாறு வேறொரு பார்வைக்கு இடம் தருகிறது.

முதலாவதாக, ‘வேணும்’ என்பது ‘வேண்டும்’ என்பதன் பேச்சு வடிவம். ‘வேண்டு’ என்ற அடியிலிருந்தே ‘வேண்டுதல்’, ‘வேண்டிக்கொள்ளுதல்’ ஆகிய செபப் பொருளுடைய சொற்களும் பிறக்கின்றன. விரும்புதலும் மன்றாடுதலும் தமிழில் ஒரே வேர் உடையவை.

இரண்டாவதாக, இன்று நம்பிக்கையைக் குறிக்கும் ‘நம்பு’ என்ற சொல்லே பண்டைத் தமிழில் விருப்பத்தைக் குறித்தது. தொல்காப்பிய உரியியல் ‘நம்பு’, ‘மேவு’ ஆகிய இரண்டுக்கும் நசை என்றே பொருள் கூறுகிறது. விருப்பத்திலிருந்து நம்பிக்கைக்குச் சொற்பொருள் நகர்ந்த பாதை தமிழுக்குப் புதியதன்று. முதல் மொழிபெயர்ப்பாளர்கள் இதை எண்ணிச் செய்தனர் என்பதற்குச் சான்றில்லை. எனினும் அவர்கள் தேர்ந்த சொல் தமிழரின் வழிபாட்டு உணர்வுக்கு முற்றிலும் அயலானதன்று.

மூன்றாவதாக, தொடரமைப்பின் வேறுபாடு உள்ளது. ‘எனக்கு வேணும்’ என்பதில் சொல்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். விருப்பம் அவரிடம் நிகழும் ஒரு நிலை. சவேரியார் ஒரு சொல்லை மட்டுமே மாற்றச் சொன்னார். ‘எனக்கு’ மாறாமல் நிற்க, ‘எனக்கு விசுவாசம்’ என்ற தொடரும் நிலையையே குறிக்கும். தமிழ்க் கிறித்தவச் செபங்களில் பின்னர் நிலைபெற்ற ‘விசுவசிக்கிறேன்’ என்பதோ தன்மை ஒருமை வினைமுற்று. அதில் சொல்பவரே எழுவாய். நம்புதல் அவர் செய்யும் செயல். அதை உரக்கச் சொல்லுதலே அச்செயலின் ஒரு பகுதி. முத்துக்குளித்துறையில் தேடப்பட்ட ‘நான்’ என்ற அறிக்கைக்கு உரிய இலக்கண வடிவம் இதுவே.

‘விசுவாசம்’ என்ற சொல்லும் தனக்கெனப் பொருட்சாயல் உடையது. தலைவனிடம் காட்டும் உண்மையையும் நன்றியையும் அது உலக வழக்கில் குறிக்கும். ஆகவே திருத்தம் விருப்பத்தின் மொழியிலிருந்து பற்றுறுதியின் மொழிக்கு மக்களைக் கொண்டுசென்றது. கோட்பாட்டுத் தெளிவு கிட்டியது; ‘வேணும்’ என்ற சொல்லில் இருந்த ஏக்கம் அறிக்கையிலிருந்து விலகியது. அவ்வேக்கம் ‘வேண்டுதல்’ என்ற பெயரில் தமிழ்க் கிறித்தவ வழக்கில் தொடர்ந்தது.

5. செபம், மந்திரம், வணக்கம்

தமிழ்க் கிறித்தவர் தம் செபங்களுக்கு வழங்கிய பெயர்களும் உரத்த குரலின் இடத்தைக் காட்டுகின்றன. ‘செபம்’ என்பது வடமொழி ‘ஜபம்’ என்பதன் தமிழ் வடிவம். ஜபத்தை வாசிகம், உபாஞ்சு, மானதம் என மூன்றாகப் பகுப்பது இந்திய மரபு. பிறர் கேட்கச் சொல்வது வாசிகம். உதடசைய முணுமுணுப்பது உபாஞ்சு. மனத்துள் சொல்வது மானதம். மனுநூல் இவற்றுள் மானதத்தையே மிக உயர்ந்ததாக வைக்கிறது. முத்துக்குளித்துறையில் இவ்வரிசை தலைகீழானது. மறைவாக ஓதப்படும் சொல்லுக்கு மாறாக, ஊர் முழுவதும் கேட்கச் சொல்லப்படும் சொல் முதன்மை பெற்றது. நம்பிக்கை அறிக்கை பிறர் முன் செய்யப்படும் உறுதிமொழி என்பதே இதற்குக் காரணம்.

கத்தோலிக்க வழக்கில் ‘பரலோக மந்திரம்’, ‘விசுவாச மந்திரம்’ போன்ற பெயர்கள் நிலைத்தன. மந்திரம் என்பது சொல் பிசகாமல் ஓத வேண்டிய உரை. ஒரு சொல்லின் பிழை மடல் எழுதித் திருத்தப்பட்ட வரலாற்றோடு இப்பெயர் பொருந்துகிறது. ஆனால் மந்திரம் தகுதி பெற்றோருக்கு மட்டும் உரியதாகவும் மறைத்துப் போற்றப்படுவதாகவும் கருதப்பட்ட சூழலில், பெண்களும் சிறுவரும் தெருவில் கூடி உரக்கச் சொல்லும் உரைக்கு அப்பெயர் வழங்கியமை குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

மூன்றாவது பெயரான ‘வணக்கம்’ அச்சுநூல்களின் தலைப்பாக அமைந்தது. மறைக்கோட்பாடு என்று பொருள்படும் ஐரோப்பியத் தலைப்புக்கு நேராகத் தமிழில் ‘வணக்கம்’ நின்றது. கோட்பாட்டைக் கற்றல் வழிபடுதலே என்ற புரிதலை இத்தலைப்பு உணர்த்துகிறது.

6. குரலிலிருந்து அச்சுக்கு

தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கம் உரத்த செபத்தின் வரலாற்றோடு பிணைந்துள்ளது. 1554 பிப்ரவரி 11-ஆம் நாள் லிஸ்பனில் அச்சான செபநூல், தமிழை உரோமன் எழுத்தில் போர்த்துக்கீசியத்துடன் தருகிறது. விசேந்தே தே நசரேத், ஜோர்ஜ் கார்வாலு, தோமா தா குரூசு என்ற இந்தியர் மூவரின் பெயர்கள் அதனுடன் இணைந்துள்ளன. தமிழ் எழுத்தறியாதவரும் பார்த்து உரக்கச் சொல்வதற்கு ஏற்ற நூல் அது; எழுத்தின் வேலை அதில் ஒலியைக் காத்தலே.

1547 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றிக்கே என்றிக்கசு (அண்டிரிக் அடிகளார்) தமிழை முறையாகக் கற்றுப் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். அவர் மனுவேல் தே சான் பெத்ருவுடன் இணைந்து உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 16 பக்கங்களில் அச்சாகியது. அடுத்த ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. மார்க்கோஸ் ஜோர்ஜ் இயற்றிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கமான இது வினா-விடை அமைப்பில் 120 பக்கங்கள் கொண்டது. 1580-இல் பாவ அறிக்கைக்குரிய ‘கொம்பெசியொனாயரு’ வந்தது.

இந்நூல்களின் வரிசையில் ஒரு வளர்ச்சி தெரிகிறது. முதல் நூல் சேர்ந்து சொல்லும் செபங்களைத் தருகிறது. இரண்டாவது, சொன்னதன் பொருளை வினவி விளக்குகிறது. மூன்றாவது, ஒருவர் தம் வாழ்வைத் தம் சொற்களாலேயே குருவின் செவியில் சொல்ல உதவுகிறது. கூட்டுக் குரலில் தொடங்கிய மொழிப்பயிற்சி தனிமனிதர் தம்மைப் பற்றிப் பேசும் மொழியாக விரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊர்தோறும் செபம் சொல்லித்தந்த கணக்கப்பிள்ளைமாரின் உழைப்பு இவ்வளர்ச்சியைத் தாங்கியது. குருக்கள் ஆண்டில் சில நாள்களே வந்துசென்ற ஊர்களில் செபம் அறுபடாமல் காத்தவர்கள் அவர்களே.

முடிவுரை

முத்துக்குளித்துறையில் நம்பிக்கை முதலில் தோன்றிப் பின்னர்ச் சொல்லானது என்றோ, சொல் மட்டுமே இருந்து நம்பிக்கை இல்லாதிருந்தது என்றோ கூறச் சான்றுகள் இடந்தரவில்லை. திருமுழுக்குப் பெற்றும் சொல்லற்றிருந்த மக்களுக்குச் சொல் தரப்பட்டது. அச்சொல் பிழையாகவும் இருந்தது. பிழையான சொல்லையே அவர்கள் மார்பில் கைவைத்து உரக்கச் சொன்னார்கள். உரக்கச் சொன்னதனாலேயே பிழை கேட்கப்பட்டது, கேட்கப்பட்டதனாலேயே திருத்தப்பட்டது. மௌனச் செபத்தில் ‘வேணும்’ என்பது எவர் செவியிலும் விழுந்திராது.

இவ்வகையில் உரத்த செபம் நம்பிக்கையின் வெளிப்பாடாக இருந்ததோடு அதன் சோதனைக்களமாகவும் விளங்கியது. அது அயலவரின் அதிகாரத்தைத் தாங்கி வந்தது. வீட்டுக்குள் பிளவையும் உண்டாக்கியது. அதே வேளையில் எழுத்தறியாச் சிறுவரையும் பெண்களையும் ‘நான்’ என்று பேசவைத்தது. தமிழ்க் கிறித்தவ உரைநடையின் தொடக்கத்தை ஆராய்வோர் அச்சுநூல்களுக்கு முன் ஒலித்த இக்குரல்களையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். 1578-இல் அச்சுப் பொறி ஏற்றதன் பின்னணியில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கடற்கரை ஊர்களில் சொல்லிச் சொல்லிச் செப்பமான செபத்தமிழ் இருந்தது.